அலைனருக்கு அடியில் படியும் வெள்ளை

பல் நலம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பல்லை நேராக்கும் பிளாஸ்டிக் உறையான அலைனரை மூன்று மாதமாகப் போடுகிறேன். தினமும் குழாய்த் தண்ணீரில் அலசித்தான் மாட்டுகிறேன். ஆனாலும் உள்பக்கம் வெள்ளையாகப் படிகிறது, வாடையும் வருகிறது. கொதிநீரில் போட்டு எடுக்கலாமா?
– வாசகி, ஈசூன்

பதில்: கொதிநீர் வேண்டவே வேண்டாம். சூட்டில் வார்த்த பிளாஸ்டிக் சூட்டிலேயே வளையும். ஓர் அலைனர் பல்லை நகர்த்தும் தூரம் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாத வளைவு வந்தாலே அந்தக் கணக்கு கெட்டுவிடும்.

நீங்கள் பார்ப்பது கிருமிப் படலம். உமிழ்நீரிலுள்ள புரதம் சில நிமிடங்களில் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்கிறது. அதன்மேல் பாக்டீரியா சில மணி நேரத்தில் குடியேறி, தானே சுரக்கும் பசைக்குள் பதுங்குகிறது. வெறும் தண்ணீர் அந்தப் பசையைப் பெயர்க்காது. விட்டுவிட்டால் உமிழ்நீரின் கால்சியம் சேர்ந்து கெட்டியாகும். கீழ் முன்பற்களின் உள்பக்கம் உமிழ்நீர்ச் சுரப்பிகள் திறப்பதால் அங்கேதான் முதலில் படியும்.

கழற்றியதும், காய்வதற்குள் தேயுங்கள். அலைனருக்கென்று தனியாக ஒரு மென்மையான பிரஷ், மணமில்லாத திரவ சோப்பு ஒரு துளி, குளிர்ந்த நீர் போதும். அலைனர் பிடிப்பதற்காகப் பல்லில் ஒட்டியிருக்கும் சிறு புடைப்புகள் உட்காரும் குழிகளைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அங்கே பிரஷ் நுனியால் தேய்க்கவும். பற்பசை கூடாது. அதிலுள்ள துகள்கள் கீறிவிடும், கீறலில் கிருமி இன்னும் உறுதியாகத் தங்கும்.

பல்செட்டுக்கு விற்கும் நுரைக்கும் மாத்திரையை வாரம் இரண்டு மூன்று முறை பயன்படுத்தலாம், ஆனால் தேய்ப்பதற்குப் பதிலாக அல்ல. ஊறவைக்கும் நேரம் பெட்டியிலேயே இருக்கும். எடுத்தபின் நன்றாக அலசுங்கள். அதிலிருக்கும் பெர்சல்ஃபேட் என்ற வேதிப்பொருளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் அந்த மாத்திரையைத் தொடாதீர்கள். ஏற்கெனவே கெட்டியான படிவுக்கு ஒரு பங்கு வெள்ளை வினிகரும் மூன்று பங்கு தண்ணீரும் கலந்து 20 நிமிடம் ஊறவைத்துத் தேய்க்கவும். அப்போதும் போகாவிட்டால் சுரண்டாமல் பல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் காலை முழுக்க ஒரு கோப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பேன். ஒவ்வொரு மிடறுக்கும் அலைனரைக் கழற்ற முடியுமா? இனிப்பு குறைத்த ‘சியூ டாய்’தான் வாங்குகிறேன்.
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: ‘சியூ டாய்’ என்றாலும் இனிப்பு இருக்கத்தான் செய்கிறது. அந்தக் கோப்பி அலைனர் ஓரமாக உள்ளே புகுந்து அங்கேயே தங்கிவிடும். சாதாரணமாக உமிழ்நீர் வந்து சர்க்கரையைக் கழுவி, அமிலத்தையும் தணித்துவிடும். அலைனருக்கு அடியில் உமிழ்நீர் எளிதில் ஓடாது. பாக்டீரியா சர்க்கரையை அமிலமாக்க, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேல்பூச்சான எனாமலிலிருந்து தாதுக்கள் கரையத் தொடங்கும். நீங்கள் மிடறு மிடறாகக் குடிக்கும்போது அது ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குகிறது. ஈறின் ஓரத்திலும் புடைப்புகளைச் சுற்றியும் சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், சொத்தையின் முதல் படி அது. பல் நேரானாலும் அந்தப் புள்ளிகள் நிற்கும். எங்களுக்கு அதுதான் பெரிய கவலை.

அலைனருடன் தண்ணீர் மட்டும் குடியுங்கள். கோப்பியைச் சாப்பாட்டோடு சேர்த்து ஒரே இருப்பில் முடித்துவிடுங்கள். 22 மணி நேரம் போட வேண்டுமென்றால் கழற்றிவைக்க நாளுக்கு 2 மணி நேரம் இருக்கிறது, அது போதும். திரும்ப மாட்டுமுன் பல் துலக்குவதே சரி. முடியாதபோது தண்ணீரால் நன்கு கொப்பளித்து மாட்டிவிட்டு, வீட்டில் துலக்குங்கள். எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பு குடித்திருந்தால் கொப்பளித்து அரை மணி நேரம் கழித்தே துலக்கவும். இரவில் ஃபுளோரைடு பற்பசையைத் துப்பிவிட்டு, தண்ணீரால் கொப்பளிக்காமல் விடுங்கள்.

உணவங்காடி நிலையத்தில் அலைனரை டிஷ்யூவில் சுற்றித் தட்டில் வைக்காதீர்கள். சாப்பிட்ட தட்டைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கும்போது அதுவும் குப்பைக்குப் போய்விடும். எப்போதும் காற்றோட்டத் துளையுள்ள பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: ஈறில் ரத்தம் வருகிறது. அலைனரை மவுத்வாஷில் ஊறவைத்தால் சரியாகுமா?
– வாசகி, செங்காங்

பதில்: ஆகாது. நிறமுள்ள மவுத்வாஷ் அலைனரையும் நிறம் மாற்றும். ஒரே இடத்தில் மட்டும் ரத்தமும் வலியும் இருந்தால் ஓரம் குத்துகிறதா என்று பாருங்கள், பல் மருத்துவர் அதைத் தேய்த்துக் கொடுப்பார். பல இடங்களில் என்றால் பல்லில் படலம் தங்கியிருக்கிறது. துலக்குவதை நிறுத்தாமல் ஈறு ஓரத்தை மென்மையாகத் துலக்கி, தினம் ஒருமுறை பல் நூல் பயன்படுத்துங்கள். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் பல் மருத்துவரிடம் காட்டிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.