ஆட்சி மாறியும் இலங்கையில் சாமான் விலை ஏன் இறங்கவில்லை? பொருளாதாரம் சரியாக எவ்வளவு காலம் வேண்டும்?

கேட்டவர் வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குக் காசு அனுப்புபவர் என்று நினைக்கிறேன். நான் பொருளியல் படித்தவன் இல்லை, சின்ன அச்சகம் நடத்துபவன். படித்தவர்கள் கோபிக்க வேண்டாம்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். 2019 கடைசியில் வற் என்ற பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 ஆக வெட்டியபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அந்தத் தைரியத்தில் கடன் எடுத்துப் பழைய ஓப்செற் இயந்திரம் ஒன்று வாங்கினேன். சர்வதேச நாணய நிதியத்தோடு 2016இல் தொடங்கிய கடன் திட்டம் அந்த வரிக்குறைப்போடு தடம் புரண்டது என்பதெல்லாம் பிறகுதான் விளங்கியது.

2022 பங்குனியில் பேப்பர் இல்லை. காலையில் கேட்ட ரீம் விலை பின்னேரம் இல்லை. மாதக் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு. கரண்ட் போவதற்கு முன் ஓட்டத்தை நிறுத்தி உருளைகளைக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் மை காய்ந்து பிடித்துவிடும். இரண்டு மணி நேர வேலைக்கு முக்கால் மணி நேரம் கழுவல்!

சித்திரையில் நந்தலால் வீரசிங்க மத்திய வங்கி ஆளுநராக வந்த கையோடு, கொள்கை வட்டி, அதாவது மற்ற வங்கிகளுக்கு மத்திய வங்கி வைக்கும் வட்டி, ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏறியது. ஆண்டு முடிவதற்குள் என் கடன் வட்டி இரட்டிப்பைத் தாண்டிவிட்டது. வங்கியில் போய்ச் சத்தம் போட்டேன். "அண்ணை, எங்கட கையில ஒண்டும் இல்லை" என்றான் பொடியன். அந்த ஆளுநரை நான் திட்டாத நாள் இல்லை.

ஆனால் புரட்டாதியில் 70 வீதத்தைத் தொட்ட பணவீக்கம், அடுத்த ஆடிக்குள் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. எனக்கு அது தெரிந்தது விலைமனுவில். 2022இல் "இன்று மட்டும் செல்லுபடியாகும்" என்று எழுதிக் கொடுத்தவன், 2023 கடைசியில் மறுபடி "14 நாட்கள்" என்று எழுதினேன். விலை இறங்கவில்லை, உண்மைதான். ஏறிய வேகம்தான் நின்றது. பழைய விலை இனி வராது. சம்பளம்தான் மெல்ல மெல்ல அதை எட்டிப்பிடிக்க வேண்டும், அதற்குத்தான் வருடங்கள் போகின்றன.

இனி அரசியல். 2023 பங்குனியில் நாணய நிதியம் ஒத்துக்கொண்ட சுமார் 300 கோடி டொலர் கடன் திட்டம் நான்கு வருடத்துக்கானது. அப்போதிருந்த ஆட்சிக்கோ அவ்வளவு ஆயுள் இல்லை. கடன் கொடுத்தவன் என்ன நினைப்பான்? "அடுத்து வருபவன் கிழித்துப் போட்டால்?" வற் வரியை 18 வீதமாக்கிய அப்போதைய ஜனாதிபதி ரணில் 2024 ஜனாதிபதித் தேர்தலில் மூன்றாவதாக வந்தார். கசப்பு மருந்து கொடுத்தவருக்கு அதுதான் சம்பளம். அந்தத் திட்டத்தை விமர்சித்து வென்ற அனுர அதைக் கிழிக்கவில்லை. அந்த மார்கழியிலேயே சர்வதேசப் பிணைமுறிகளின், அதாவது வெளிநாட்டு முதலீட்டாளர்களிடம் பத்திரம் விற்று அரசு வாங்கிய கடனின், மறுசீரமைப்பும் பெரும்பாலும் முடிந்தது. நான் யாருடைய ஆளும் இல்லை, கீழே வந்து சண்டை பிடிக்காதீர்கள். வரிச்சுமை சாதாரண சனத்தின் தலையில்தான் கூட விழுந்தது என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அரசியல் என்றதும் இன்னொன்று. 2023 பங்குனி 9 உள்ளூராட்சித் தேர்தலுக்கென்று ஒரு வேட்பாளர் 5,000 துண்டுப்பிரசுரம் அடித்தார். கடனுக்குத்தான். நிதி இல்லையென்று தேர்தல் தள்ளிப்போனது, என் காசும் போனது. "தேர்தல் நடக்கட்டும், தாறன்" என்பார் ஒவ்வொரு முறையும். 2025 வைகாசியில் தேர்தல் வந்தது. ஆளும் வந்தார், வேறு கட்சிச் சின்னத்தோடு. முழுக்காசும் முன்பணமாகக் கேட்டேன்.

"என்ன தம்பி, என்னில நம்பிக்கை இல்லையே?" என்றார்.

லாச்சியைத் திறந்து பழைய பில்லை எடுத்து மேசையில் வைத்தேன்.