150 கிலோமீட்டரும் எதிர்காற்றும் – கடிதம்

வணக்கம் சார்,

நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து நான்கு நாள் சைக்கிள் பயணம் போனோம். முதல் இரண்டு நாள் சுகமாகப் போயிற்று. மூன்றாம் நாள் 150 கிலோமீட்டர். மணிக்கு 22 என்று வைத்தால் ஏழு மணி நேரம், மதியத்துக்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு காலை ஆறரைக்குக் கிளம்பினோம். ஒன்பது மணிக்கு எதிர்காற்று ஆரம்பித்தது. குழு மூன்று துண்டானது. மூன்று பங்க்சர், அதில் ஒரே சக்கரம் இரண்டு முறை. 110ஆவது கிலோமீட்டரில் ஒருவர் கைகால் நடுங்கி உட்கார்ந்துவிட்டார். இருட்டிய பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். இன்றுவரை எல்லோரும் பேசுவது அந்த ஒரு நாளைப் பற்றித்தான். அடுத்த முறை மெதுவாக ஓட்டுகிறவர்களைச் சேர்க்க வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். எங்கே தவறினோம்?

ந.

அன்புள்ள ந.,

சேர்க்க வேண்டாம் என்று சொல்பவர்கள் அன்று முன்னால் ஓட்டியவர்களாகத்தான் இருக்க வேண்டும். குழு பின்னால் அறுவதுபோலத் தெரியும். அறுப்பது பெரும்பாலும் முன்னால் இருப்பவர்.

முதலில் உங்கள் கணக்கு. காற்றில்லாமல் 22இல் போகும்போது முகத்தில் அடிக்கும் காற்றும் 22தான். எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால் அது 37. காற்றின் தடை வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால், அதே 22இல் போக கிட்டத்தட்ட 2.8 மடங்கு தடையைத் தள்ள வேண்டும். யாராலும் நாள் முழுக்க முடியாது. வேகம் 16க்கு இறங்கும். முதல் 50 கிலோமீட்டர் 22இல், மீதி 100 கிலோமீட்டர் 16இல் என்றால் ஓட்டுவதற்கு மட்டும் எட்டரை மணி நேரம். பன்னிரண்டு பேர் பத்து நிமிடம் என்று சொல்லி நின்றால் இருபத்தைந்து நிமிடம் ஆகும். நான்கு நிறுத்தத்துக்கு ஒன்றே முக்கால் மணி. மூன்று பங்க்சருக்கு ஒன்றரை மணி. ஆக, மாலை ஆறே கால். நடுங்கி உட்கார்ந்தவருக்காகக் காத்திருந்ததையும் சேர்த்தால் இருட்டு வந்ததில் வியப்பில்லை.

குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும் என்ற ஆடாக்ஸ் முறை நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்களில் 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள். 1891இல் தொடங்கிய பிரான்ஸின் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் சைக்கிள் ஓட்டத்தில் 1200 கிலோமீட்டருக்கு அதிகபட்சம் 90 மணி நேரம். சாப்பாடு, தூக்கம், பங்க்சர் எல்லாம் அதற்குள் அடக்கம். அதாவது நின்ற நேரமும் சேர்ந்து மணிக்கு 13 முதல் 15. பயணத் திட்டத்துக்கு இந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும். சைக்கிள் மீட்டர் காட்டுவது ஓடும்போதுள்ள வேகத்தை மட்டும்.

இனி குழு உடைந்த கதை. ஒரு வேகத்தடையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் 10க்குக் குறைத்து, தாண்டியதும் மிதித்து மறுபடி 22ஐப் பிடிக்கிறார். அந்த நேரத்தில் பன்னிரண்டாவது ஆள் இன்னும் தடைக்கே வரவில்லை. அவர் தாண்டி வரும்போது முன்னால் வெற்றிடம் கிடக்கும். அதை மூட, காற்றுக்கு எதிராகத் தனியாக 28, 30 என்று மிதிக்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும், ஏற்றத்தின் உச்சியிலும், சந்திப்பிலும் இதே கூத்து. முப்பதாவது தடவை அவரால் முடியாது. பார்ப்பவர்களுக்கு அவர் மெதுவானவர். உண்மையில் அன்று அதிகம் உழைத்தவரே அவர்தான்.

மாற்று வழி எளிது, கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். தடை தாண்டியதும் முன்னால் இருப்பவர் பெடலைச் சும்மா சுற்ற வேண்டும். கடைசி ஆள் ‘வந்தாச்சு’ என்று குரல் கொடுத்து, அது வரிசையில் கைமாறி முன்னால் வந்த பிறகே வேகம். பன்னிரண்டு பேரை ஆறு ஆறாகப் பிரித்துவிடுங்கள். சற்று பலம் குறைந்தவரை வரிசையின் கடைசியில் விடாதீர்கள். மூன்றாம் இடம் அவருக்கு. கடைசி இடம் பலசாலிக்கு, கையில் பம்போடு.

முன்னால் இழுப்பது, அதாவது முதல் ஆளாகப் போய் பின்னால் வருபவர்களுக்குக் காற்றை மறைப்பது பற்றி. பின்னால் ஓய்வாக வந்தவர் முன்னுக்கு வந்ததும் தன்னை அறியாமல் வேகத்தை இரண்டு மூன்று கிலோமீட்டர் ஏற்றிவிடுவார். முன்னுக்கு வருமுன் மீட்டரில் என்ன எண் இருந்ததோ அதுவே தொடர வேண்டும். பலம் உள்ளவர் அதிக நேரம் இழுக்கலாம், அதிக வேகத்தில் இழுக்கக் கூடாது. எதிர்காற்றில் ஒருவருக்கு ஒன்றிரண்டு நிமிடம் போதும். முடியாதவர் இருபது விநாடியில் விலகட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. விலகும்போது பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு ஒதுங்கி, பிரேக் தொடாமல் மிதிப்பதை மட்டும் குறைக்க வேண்டும். கடைசி ஆள் பக்கத்தில் வரும்போதே மறுபடி மிதிக்கத் தொடங்க வேண்டும். அவர் கடந்துபோன பிறகு தொடங்கினால் வால் பிடிக்க முடியாது. இடைவெளி, பழகியவர்களுக்கு அரைச் சக்கரம் முதல் ஒரு சக்கரம். புதியவர்கள் ஒரு சைக்கிள் நீளம் விட்டாலும் காற்று மறைவு கணிசமாகக் கிடைக்கும். உங்கள் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தோடு பக்கவாட்டில் இணையாகப் போகக் கூடாது. இரண்டும் உரசினால் விழுவது நீங்கள்தான்.

நடுங்கி உட்கார்ந்தவருக்கு உடலில் சேமித்த சர்க்கரை தீர்ந்துபோயிருக்கும். பசித்த பிறகு சாப்பிட்டால் இதுதான் நடக்கும். கிளம்பி முக்கால் மணிக்குள் தொடங்கி, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம். எதிர்காற்றில் இரண்டு கையும் ஹேண்டில்பாரை விடாது, அதனால் வாய்க்கு ஒன்றும் போவதில்லை. யாராவது ஒருவர் அரை மணிக்கு ஒருமுறை ‘சாப்பிடு’ என்று கத்த வேண்டும். வெயிலில் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து; உப்பு சேரட்டும்.

ஒரே சக்கரம் இரண்டு முறை பங்க்சர் என்றால், முதல் தடவை காரணத்தைத் தேடாமல் டியூபை மட்டும் மாற்றியிருப்பீர்கள். கழற்றிய டியூபில் காற்றடித்து ஓட்டை எங்கே என்று பாருங்கள். பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை என்றால் காற்றுக் குறைவில் பள்ளத்தில் இடித்தது. வெளிப்பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் முள் அல்லது கம்பி. ரிம் பக்கம் என்றால் ஸ்போக் துளைகளை மூடும் ரிம் டேப் நகர்ந்து ஸ்போக் துளை கடித்திருக்கும். வால்விலிருந்து ஓட்டை எத்தனை தூரம் என்று அளந்து டயரில் அதே இடத்தை உள்ளிருந்து விரலால் மெதுவாகத் தடவுங்கள். பெரிய வண்டிகளின் கிழிந்த டயரிலிருந்து உதிரும் மயிரிழைக் கம்பி அங்கே நிற்கும், வெளியே தெரியாது. பேட்ச் ஒட்டும்போது உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அதன் ஈரப் பளபளப்பு போகும்வரை காத்திருங்கள். ஈரத்தோடு ஒட்டியது பத்து கிலோமீட்டரில் எழும்பும்.

ஒன்று கேட்காமலே சொல்கிறேன். பின்சக்கரத்தில் கியர் மாற்றும் டிரெய்லியர் தொங்கும் சின்ன உலோகத் துண்டான ஹேங்கர், சைக்கிளுக்குச் சைக்கிள் வேறு வடிவம். ஒரு விழுதலில் அது வளைந்தால் கியர் சங்கிலியை ஸ்போக்ஸுக்குள் தள்ளிவிடும். குழுவுக்குப் பொதுவாக ஒன்று வைத்தால் பதினொரு பேருக்குப் பொருந்தாது. அவரவர் அளவை அவரவர் பையில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.