அந்த மெயில் உங்களுக்கு எழுதியது இல்லை, தம்பி

பரங்கிமலையில் பயிற்சி முடித்து, ஷார்ட் சர்வீஸில், அதாவது குறுகிய கால ராணுவ அதிகாரிப் பணியில், பத்து வருஷம் போட்டுவிட்டு வெளியே வரப்போகும் மேஜர் தம்பி கேட்டிருக்கிறார்: அமெரிக்க எம்பிஏ கல்லூரிகள் "ராணுவத்தினரே வருக" என்று மெயில் மேல் மெயில் அனுப்புகின்றன, கிளம்பலாமா, எந்த ஊர் நல்லது, குளிர் தாங்குமா, அரிசி கிடைக்குமா என்று. அரிசி கிடைக்கும். லடாக்கில் இருந்தவருக்குக் குளிரைப் பற்றி நான் என்ன சொல்ல. அந்த மெயிலைப் பற்றிப் பேசுவோம்.

அந்த வரவேற்பு அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர்களுக்கு. 2009 ஆகஸ்டில் அமலுக்கு வந்த ஜிஐ பில் திட்டப்படி, தகுதியுள்ள முன்னாள் வீரருக்கு 36 மாதம் வரை படிப்புச் செலவை அரசே கொடுக்கிறது, வீட்டு வாடகைக்குத் தனியாகப் பணம் வேறு. தனியார் கல்லூரிக்கு உச்சவரம்பு உண்டு. மிச்சத்தில் கல்லூரி எவ்வளவு விட்டுக்கொடுக்கிறதோ அதே அளவை 'யெல்லோ ரிப்பன்' திட்டத்தில் அரசும் போடும். பணம் நிச்சயம் வரும் மாணவரை யார்தான் கூப்பிட மாட்டார்கள்? லாபத்துக்கு நடக்கும் கல்லூரிகள் இன்னும் மோசம். மத்திய அரசின் கல்வி உதவிப் பணம் வருமானத்தில் 90 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று அவற்றுக்கு விதி, ஆனால் வீரர்கள் கொண்டுவரும் பணம் ரொம்ப காலம் அந்தக் கணக்கில் சேரவே இல்லை, அதனால் ராணுவ முகாம் வாசல் வரை போய் ஆள் பிடித்தார்கள். 2021-இல்தான் சட்டம் திருத்தினார்கள்.

நமக்கு இதில் ஒரு சல்லிக்காசு கிடையாது. பெரிய கல்லூரிகளில் கட்டணம் மட்டுமே வருஷத்துக்கு 80 ஆயிரம் டாலரை ஒட்டி வரும், நமக்கோ ஷார்ட் சர்வீஸுக்குப் பென்ஷனும் இல்லை. நான் சேர்ந்த கல்லூரி (பெயர் எதற்கு) அட்மிஷன் முடியும்வரை போனில் "மேஜர், மேஜர்" என்று உருகியது. பணம் கட்டும் அன்று டிடி-214 எங்கே என்றார்கள், அதாவது அமெரிக்கப் படையில் இருந்து விலகியதற்கான தாள். நம்ம ரிலீஸ் ஆர்டரை நீட்டினேன், அந்தம்மா அசோகச் சின்னத்தை ஒரு முறை பார்த்துவிட்டு வெளிநாட்டு மாணவர் வரிசைக்குக் கை காட்டினார்.

விண்ணப்பக் கட்டணத் தள்ளுபடி மட்டும் சில இடங்களில் எந்த நாட்டு ராணுவத்துக்கும் உண்டு, ஒரு வரி மெயில் போட்டுக் கேளுங்கள். விண்ணப்பக் கட்டுரையில் எல்லைக் கதையை அவிழ்த்துவிடச் சொல்லும் கன்சல்டன்ட்டுகளை நம்பாதீர்கள், அரசு ரகசியச் சட்டம் ரிட்டையர் ஆனாலும் விடாது. விசா படிவத்தில் ராணுவப் பணி, பதவி எல்லாம் கேட்பார்கள், கூடுதல் சரிபார்ப்பு என்று இழுத்தடிக்கலாம், அதனால் சீக்கிரம் போடுங்கள். வேலை? முன்னாள் வீரர்களை விரும்பி எடுக்கும் ஆயுதக் கம்பெனிகள் பெரும்பாலும் குடியுரிமை கேட்கும். மற்றபடி ஐடி பசங்களோடு சேர்ந்து ஹெச்-1பி வேலை விசா குலுக்கலில் நிற்க வேண்டியதுதான். இங்கே இருபது வருஷமாக இருந்தும் சனிக்கிழமை தவறாமல் ஊரைத் திட்டிக்கொண்டு ஊர்ச் சாப்பாடு தேடும் நம்மாட்களிடம் மட்டும் யோசனை கேட்காதீர்கள், கிரீன் கார்டு வரிசையைத் தவிர வேறு பேச்சு வராது. முன்னாள் வீரர்களுக்கு மறுவாழ்வு ஏற்பாடு செய்யும் நம்ம அரசின் டிஜிஆர் வழியாக ஐஐஎம்களில் நடக்கும் ஆறு மாதப் படிப்பை முதலில் விசாரியுங்கள், கட்டணத்தில் பாதிக்கு மேல் அரசு தரும்.

இவ்வளவு சொன்னாலும், வகுப்பில் எனக்கு ஒட்டியது அமெரிக்க ராணுவக்காரர்கள்தான். தலைமைப் பண்பு பாடத்தில் ஒரு வங்கிக்காரப் பையன் படையை எப்படி நடத்துவது என்று அரை மணி நேரம் விளக்க, பக்கத்தில் இருந்த முன்னாள் மரீனும் நானும் மேஜையைப் பார்த்தபடி சிரிப்பை அடக்கினோம். என் ரெஸ்யூமேயில் "கம்பெனி கமாண்டர்" என்பதை அடித்துவிட்டு, நூற்றுச் சொச்சம் பேர், வண்டிகள், பட்ஜெட் என்று எழுத வைத்தவன் அந்த மரீன்தான். இப்போது அமெரிக்காவின் சார்லட் நகரில் அவனும் ஒரு வங்கியில் இருக்கிறான். உங்களுடையதை அனுப்புங்கள், அவனிடமே காட்டுகிறேன்.