முகவர் மாதிரி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது?

நாகமலை புதுக்கோட்டை, ஆய்வு மாணவி: முகவர் மாதிரியை எப்போது கையில் எடுக்க வேண்டும்?

பதில்: ஒவ்வொரு மனிதரையும் கணினிக்குள் தனி ஆளாக நிறுத்தி, அவரவர்க்கு ஒரு விதி கொடுத்து நடக்கவிடுவதே முகவர் மாதிரி. ஒருவர் செய்வது பக்கத்தில் இருப்பவரின் முடிவை மாற்றுகிறதா என்று முதலில் கேளுங்கள். மாற்றாவிட்டால் எல்லோருக்கும் பதிலாக ஒரு சராசரி மனிதரை வைத்துக் கணக்கிட்டாலே போதும். அக்கம்பக்கத்தில் தன்னைப் போன்றவர்கள் ஓரளவு இருந்தால் போதும் என்று நினைப்பவர்களால்கூட ஓர் ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும் என்று 1971இல் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் காட்டினார். சராசரி மனிதர் ஒருவரை வைத்து இதைக் கண்டிருக்க முடியாது.

மேலூர், விவசாயி: எங்கள் கண்மாயில் கடைமடை ஆண்டுதோறும் காய்கிறது. இதற்கு உதவுமா?

பதில்: ஐயா, இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. கண்மாயின் கொள்ளளவுக்குச் சாதாரணக் கணக்கு போதும். கடைமடை காய்வது அப்படியல்ல. முறை வருமோ வராதோ என்று அஞ்சும் தலைமடைக்காரர் கூடுதலாகப் பாய்ச்சுகிறார். அதைப் பார்த்து அடுத்தவர் இரவில் மடையைத் திறக்கிறார். வெறுத்துப்போன கடைமடைக்காரர் ஆழ்துளைக் கிணறு போடுகிறார். பிறகு வாய்க்காலைத் தூர்வார வருவதில்லை. மறு ஆண்டு தண்ணீர் இன்னும் குறைகிறது. மேல் கண்மாய் மறுகால் போனால்தான் கீழ்க் கண்மாய் பெருகும் என்பதால், ஓர் ஊரின் பழக்கம் அடுத்த ஊரையும் சுடும்.

இந்தோனேசியாவின் பாலித் தீவு நெல் வயல்களுக்கு லான்சிங், கிரெமர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1993இல் வெளியிட்ட மாதிரியில், ஒவ்வொரு பாசனக் கூட்டமும் நன்றாக விளைந்த அண்டைக் கூட்டத்தின் பயிர்முறையைப் பின்பற்றியது. மேலிருந்து ஆணை இல்லாமலே தண்ணீரும் பூச்சியும் கட்டுக்குள் வந்தன. ஆனால் விதிகளை மேசையில் உட்கார்ந்து எழுதிவிடாதீர்கள். எந்த மடையை யார் எப்போது திறப்பார் என்பது உங்கள் ஊர் நீர்ப்பாய்ச்சிக்குத்தான் தெரியும். அவரிடம் கேட்டு எழுதுங்கள்.

மாட்டுத்தாவணி, பூ வியாபாரி: நாளைய மல்லிகை விலையைச் சொல்லுமா?

பதில்: சொல்லாது. பழைய விலைகளையும் முகூர்த்த நாள்களையும் வைத்து எளிய புள்ளியியல் கணக்கு போடுங்கள்.

செல்லூர், தன்னார்வலர்: அழகர் ஆற்றில் இறங்கும் நாளின் கூட்டத்துக்கு?

பதில்: பொருந்தும். குழந்தையைத் தோளில் சுமப்பவரும் வழி தெரியாத வெளியூர்க்காரரும் ஒரே மாதிரி நகர்வதில்லை. ஆனால் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்வது பெரும் தவறு. இது உயிர் சம்பந்தப்பட்டது. நூறு முறை ஓட்டி, எந்தச் சந்தில் எத்தனை முறை நெரிசல் கட்டுகிறது என்று எண்ணுங்கள். சென்ற திருவிழாவில் கண்ணால் கண்ட நெரிசலை உங்கள் மாதிரி காட்டவில்லை என்றால், அதை நம்பித் தடுப்புக் கம்பு ஒன்றைக்கூட நகர்த்தாதீர்கள்.