காண்டால்ஃப் கிறிஸ்துவா?

வணக்கம். டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்', சி.எஸ். லூயிஸின் 'நார்னியா' வரிசை இரண்டையும் கிறிஸ்தவக் குறியீடுகளுக்காகவே மறுபடி வாசித்து ஒரு பட்டியல் போட்டேன். மோதிரம் பாவம், எல்ஃப் இனத்தாரின் லெம்பாஸ் ரொட்டி நற்கருணை, அவர்கள் தலைவி கலாட்ரியல் மரியாள், செத்து மீளும் மந்திரவாதி காண்டால்ஃபும் நார்னியாவின் சிங்கம் அஸ்லானும் இயேசு. அஸ்லான் கச்சிதமாகப் பொருந்துகிறது. டோல்கீனிடம் எதுவுமே முழுசாகப் பொருந்தவில்லை. எதைத் தவறவிடுகிறேன்?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

பட்டியல் சரிதான், நடுவில் போட்ட சமக்குறிதான் சிக்கல்.

அஸ்லான் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. நார்னியா போல ஓர் உலகம் இருந்து, அங்கும் கிறிஸ்து உருவெடுத்துப் பாடுபட்டு உயிர்த்தெழ நேர்ந்தால் எப்படியிருக்கும் என்ற ஊகமே அஸ்லான் என்று லூயிஸ் 1958இல் ஒரு கடிதத்தில் விளக்கினார். அதாவது அந்தச் சிங்கம் கிறிஸ்துவுக்கு அடையாளம் அல்ல, அவரேதான். ஆனால் அங்கேயும் உற்றுப் பாருங்கள். அஸ்லான் சாவது எட்மண்ட் என்ற ஒரே துரோகிக்காக. அவனுடைய உயிர் சட்டப்படி சூனியக்காரிக்குச் சொந்தம். அவள் அஸ்லானைக் கொன்று ஏமாந்துபோகிறாள். மனித உடல் என்ற இரையை விழுங்கிய சாத்தான் உள்ளே இருந்த தெய்வத் தூண்டிலில் மாட்டிக்கொண்டான் என்று நான்காம் நூற்றாண்டில் நிசாவின் ஆயர் கிரகோரி சொன்னாரே, அந்தப் பழைய இறையியல்தான் இது. இன்றைய பிரசங்கங்களில் நாம் கேட்கும் 'நம் தண்டனையை அவர் ஏற்றார்' என்ற விளக்கத்துக்கு இது அவ்வளவு நெருக்கமில்லை.

டோல்கீன் கதை வேறு. 1953 டிசம்பரில் இயேசு சபையைச் சேர்ந்த ராபர்ட் மரே என்பவருக்கு எழுதும்போது, தன் நூல் அடிப்படையில் கத்தோலிக்கப் படைப்பு என்கிறார். முதலில் அறியாமல் அப்படி அமைந்தது, திருத்தும்போது அறிந்தே செய்தேன், அதனால்தான் மதம், வழிபாடு போன்றவற்றை ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிட்டேன் என்கிறார். இந்த நூலில் கோயிலோ குருவோ தேடினால் கிடைக்காது. கொண்டோர் நாட்டுத் தளபதி ஃபாரமிரின் ஆட்கள் சாப்பாட்டுக்கு முன் மேற்கு நோக்கி மௌனமாக நிற்கிறார்களே, ஏறக்குறைய அவ்வளவுதான்.

எனவே டோல்கீனிடம் உருவங்களை விட்டுவிட்டு நிகழ்ச்சிகளைப் பாருங்கள். ஒரு நிகழ்ச்சியை உருவிவிட்டால் கதை சரிகிறதா என்று சோதியுங்கள். எரிமலைக் காட்சிதான் இதற்குச் சரியான இடம். தீய மோதிரத்தை எரிமலையில் எறிந்து அழிக்க வந்த நாயகன் ஃப்ரோடோ அதை எறிவதில்லை, 'இது என்னுடையது' என்று விரலில் போட்டுக்கொள்கிறான். காரியத்தை முடிப்பது, முன்பு மோதிரத்தை வைத்திருந்து அதன்மேல் வெறிகொண்ட கொல்லம் என்ற பிறவி. அவன் ஃப்ரோடோவின் விரலைக் கடித்தெடுத்துத் தவறி விழுகிறான். அந்தக் கொல்லத்தை முன்பே ஃப்ரோடோவின் உறவினன் பில்போ கொல்லாமல் விட்டான், பிறகு ஃப்ரோடோ, கடைசியாக மலைச்சரிவில் அவன் தோழன் சாம்கூட. இந்த மூன்றில் ஒரு இரக்கம் குறைந்திருந்தாலும் விளிம்பில் விழ ஆளில்லை. 'எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்' என்ற மன்றாட்டை டோல்கீனே 1956இல் எழுதிய கடிதங்களில் இந்த முடிவோடு சேர்த்துப் பேசுகிறார். நல்லவனும் தாங்க முடியாத சோதனை உண்டு, அவனைக் காப்பது அவன் முன்பு காட்டிய மன்னிப்பு. நாயகன் தோற்றுவிட்டான் என்று இந்த அத்தியாயத்தைக் குறை சொல்பவர்கள் நூலின் அச்சாணியையே குறை சொல்கிறார்கள்.

மோதிரம் பாவமல்ல, சோதனை. சாமுக்குப் பெரிய தோட்டத்தையும் வீரன் போரொமிருக்குப் படைகளையும் காட்டுகிறது. அவரவர் ஆசைதான் தூண்டில்.

காண்டால்ஃப் உடலெடுத்து வந்த வானதூதர் போன்றவர். யாருடைய பாவத்தையும் அவர் சுமக்கவில்லை, திருப்பி அனுப்பப்படுகிறார். கலாட்ரியலின் சித்திரம் மரியாளைப் பற்றிய கத்தோலிக்கக் கற்பனைக்குக் கடன்பட்டது என்று 1971இல் டோல்கீன் ஒப்புக்கொண்டார், ஆனால் அவள் இளமையில் கலகம் செய்து மனந்திரும்பியவள் என்றும் சேர்த்தார். ஜென்மப் பாவமில்லாத மரியாளோடு அங்கேயே பிரிகிறாள். லெம்பாஸ் மனவுறுதிக்கு ஊட்டம் தருகிறது, வேறு உணவு சேராதபோது வலு கூடுகிறது. மரணத் தறுவாயில் தரும் நற்கருணையின் சாயல் இது, ஆனால் இங்கே ரொட்டி கிறிஸ்துவின் உடலாக மாறாமல் ரொட்டியாகவே இருக்கிறது. பட்டியலில் இன்னொரு பத்தி சேர்த்து, ஒவ்வொரு ஒப்புமையும் எங்கே உடைகிறது என்று எழுதிப் பாருங்கள். பொருந்தும் இடத்தைவிட அது அதிகம் சொல்லும்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்று பின்னிணைப்பு 'பி'யில் இருக்கிறது. ஃப்ரோடோவும் தோழர்களும் மோதிரத்தோடு ரிவெண்டெல் என்ற இடத்தை விட்டுப் புறப்படுவது டிசம்பர் 25. மோதிரம் அழிவது மார்ச் 25. அது கபிரியேல் தூதர் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்ன திருநாள். இயேசு சிலுவையில் இறந்ததும் அதே தேதியில்தான் என்பது பழைய மரபு. கொண்டோரில் அந்நாளே புத்தாண்டு ஆகிறது, இங்கிலாந்திலும் 1751 வரை சட்டப்படி அப்படித்தான் இருந்தது. கதைக்குள் யாரும் இந்தத் தேதிகளின் கிறிஸ்தவப் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.