வலி மாத்திரையும் சிறுநீரகமும்: வாசகர் கேள்வி-பதில்

பிபிக்கு டெல்மிசார்டான், கூடவே நீர் மாத்திரை. மூட்டுவலிக்குப் பத்து நாளாக அசிக்ளோஃபினாக். கால் வீங்குகிறது. (வயது 62)

வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். பிபி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நாளைக் காலையிலேயே டாக்டரைப் பார்த்து ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு), பொட்டாசியம் சோதியுங்கள். சிறுநீரக வடிகட்டிக்கு ரத்தம் வரும் குழாயை வலி மாத்திரை சுருக்குகிறது. ரத்தம் வெளியேறும் குழாயை டெல்மிசார்டான் தளர்த்துகிறது. நீர் மாத்திரை உடம்பை வற்றவைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டத் தேவையான அழுத்தம் ஏது?

கிரியாட்டினின் கொஞ்சம் அதிகமாம். பயப்படணுமா?

கொஞ்சம் என்றால் எவ்வளவு? வயது, சர்க்கரை, போன வருட அளவு எதுவுமே எழுதவில்லை. ரிப்போர்ட்டோடு மறுபடி எழுதுங்கள்.

டைக்ளோஃபினாக் வலி மருந்தை ஊசியாகப் போட்டால் கிட்னிக்குப் பாதிப்பில்லையே?

உண்டு. ஊசியில் போனாலும் அதே டைக்ளோஃபினாக், அதே சிறுநீரகம்.

மெடிக்கலில் தந்த வெள்ளை மாத்திரை கிட்னியைக் கெடுக்குமா?

எந்த வெள்ளை மாத்திரை? வாரம் நாலு கடிதமாவது இப்படி வருகிறது. 'உடம்புவலிக்கு ஒரு செட்' என்று கேட்கிறோம். அட்டையை வெட்டி, பெயர் போன துண்டுகளைக் காகித உறையில் போட்டுத் தருகிறார்கள். வயல் வேலை செய்யும் ஓர் அம்மா அப்படியொரு உறையை என் மேஜையில் கொட்டினார்: ரோஸ் ஒன்று, வெள்ளையில் பாதி, மஞ்சள் கேப்ஸ்யூல். விசாரித்தால், மூன்றில் இரண்டு வலி மாத்திரை. வெயிலில் வேலை, தண்ணீர் குறைவு, நடுவில் இரண்டு நாள் பேதி வேறு. 1 இருந்த கிரியாட்டினின் 4க்குப் போயிருந்தது. நல்லவேளை, டயாலிசிஸ் இல்லாமல் இறங்கியது. எல்லோருக்கும் இறங்காது. டைக்ளோஃபினாக் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. பெயர் தெரியாத மாத்திரையை வாங்காதீர்கள். முழு அட்டை, பில் இரண்டும் கேளுங்கள். தீர்ந்த அட்டையையும் எடுத்து வையுங்கள். வாந்தி, பேதி, காய்ச்சலில் வாடிக் கிடக்கும்போது இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது.

இதயத்துக்கு ஆஸ்பிரின் 75. தலைவலிக்கு இப்யூபுரூஃபன் போடலாமா?

வேண்டாம். ஆஸ்பிரின் வேலை செய்யும் இடத்தை அது மறித்துக்கொள்ளும். வயிற்றில் ரத்தக்கசிவும் வரலாம். பாராசிட்டமால் போடுங்கள், நாளைக்கு 3 கிராமுக்குள். மதுப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் டாக்டரைக் கேட்டு அதற்கும் குறைவாக.

வலிக்குத் தடவும் ஜெல்?

முழங்காலுக்குச் சில நாள் தடவலாம். ரத்தத்தில் கலப்பது மாத்திரையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு இருந்தால் கேட்டுவிட்டுத் தடவுங்கள், அட்டையைப் போல டியூபையும் காட்டி.