சிரித்து முடித்த பிறகும் விடாத கேள்வி

கேள்வி: பொழுது போகட்டும் என்று ‘தி குட் பிளேஸ்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரைப் பார்க்க ஆரம்பித்தேன். இறந்தபின் தவறுதலாகச் சொர்க்கத்துக்கு வந்துவிட்டு, அதை மறைக்கிற எலினோர் என்ற பெண்ணின் கதை. சிரிப்பு தாங்கவில்லை, ஆனால் நடுநடுவே கான்ட், அரிஸ்டாட்டில் என்று தத்துவவாதிகளின் பெயரைச் சொல்கிறார்கள். ஆறு எபிசோட் ஆயிற்று. நான் தத்துவம் படித்தவள் இல்லை. முதலில் புத்தகங்களைப் படித்துவிட்டு வரட்டுமா? காமெடிக்குப் போய் இவ்வளவு யோசனையா என்கிறாள் அக்கா.

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். கான்ட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் பத்தாவது பக்கத்தில் புத்தகமும் போகும், தொடரும் போகும். தொடரில் எலினோருக்குப் பாடம் சொல்லித்தரும் சிடி என்பவரைப் பாருங்கள், அறவியல் பேராசிரியர், படிக்காத புத்தகம் இல்லை, ஆனால் ஒரு சின்ன முடிவெடுக்கச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார். எலினோருக்கு ஒன்றும் தெரியாது, தப்பு செய்து, மாட்டிக்கொண்டு, திரும்பவும் முயன்று கற்றுக்கொள்கிறாள். நற்குணம் பழகப் பழகத்தான் வரும் என்று அரிஸ்டாட்டில் சொன்னதும் இதைத்தான். அவரைப் படிக்காமலே அதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

நீங்கள் பார்த்த ஆறாவது எபிசோடின் தலைப்பு, ஸ்கேன்லன் என்ற தத்துவவாதி 1998-இல் வெளியிட்ட புத்தகத்தின் பெயர்: நாம் ஒருவருக்கொருவர் என்ன கடன்பட்டிருக்கிறோம்? நியாயமாக யோசிக்கிற யாரும் மறுக்க முடியாத விதிகளின்படி நாம் நடக்கிறோமா என்று கேட்கிறார் அவர். இதை ஒருநாள் உங்கள் வீட்டுச் சண்டை ஒன்றில் வைத்துப் பாருங்கள், அதுவே போதுமான பாடம்.

இரண்டாவது சீசனில் டிராம் வண்டிப் புதிர் வரும். பிரேக் பிடிக்காத வண்டி, நேரே போனால் தண்டவாளத்தில் ஐந்து பேர் சாவார்கள், வேறு தடத்துக்குத் திருப்பினால் அங்கே ஒருவர் சாவார், என்ன செய்வீர்கள்? தத்துவவாதி ஃபிலிப்பா ஃபுட் 1967-இல் எழுதியபோது அது காகிதத்தில் இருந்த கேள்வி. தொடரிலோ சிடி அந்த வண்டியையே ஓட்ட வேண்டி வருகிறது, எதிரே வருகிற முகங்கள் தெரிகின்றன, வகுப்பில் அழகாக விளக்கியவருக்குக் கை ஓடவில்லை. எனக்குத் தெரிந்து அந்தப் புதிரை இவ்வளவு நேர்மையாக யாரும் காட்டியதில்லை. சிரித்துக்கொண்டே பார்த்தேன், அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அதனால் ஒரு நாளைக்கு ஒரு எபிசோட், இருபது நிமிடச் சொச்சம்தான், அதற்குமேல் வேண்டாம். முதல் சீசனின் 13 எபிசோடும் முடியும்வரை இணையத்தில் இந்தத் தொடரைப் பற்றி எதையும் தேடாதீர்கள், இதை மட்டும் கெஞ்சியே கேட்கிறேன். அப்புறம், அக்காவோடு வாதாட வேண்டாம். முதல் எபிசோடைத் திரும்பப் போட்டு அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், முடிந்ததும் “நீ எலினோர் இடத்தில் இருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாயா?” என்று கேளுங்கள்.